விளாத்தியடி மதகின் பொறுப்பாளி

கோகுலனின் கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு வானைக் குறுக்குவீதியால் விடச் சொன்னவர் பத்மாசினிதான். பெரிய றோட்டில் ரயில் கடவையடியில் வாகனங்கள் குவிந்து கிடப்பதாக யாரோ தொலைபேசியில் சொல்ல, "விளாத்தியடியாலை விடுங்கோ தம்பி, பத்து நிமிசத்திலை திருநெல்வேலி" என்றார். அவர் மாப்பிள்ளையின் பெரியம்மா. கூறைத்தட்டம் அவர் மடியில் இருந்தது, தாலியும் அதற்குள்தான். தாலி வைத்திருப்பவர் சொன்ன வழியை யார் மறுப்பது?

விளாத்தியடிக் குறுக்குவீதி, மானிப்பாய்ப் பக்கத்திலிருந்து பட்டணத்தைத் தொடாமல் திருநெல்வேலிக்குப் போகிற எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். அதனால் இப்போது அது இரகசியமுமில்லை, குறுக்குவழியுமில்லை. அதன் நடுவில் ஒரு மதகு. போன மாரியில் மதகின் இடது பாதி ஓரடி ஆழத்துக்கு இறங்கிவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பள்ளத்தில் வாழைக்குற்றி ஒன்றை நட்டு, தலையில் சிவப்புத் துணி கட்டிவிட்டிருந்தார். எட்டு மாதத்தில் அங்கே நடந்த வீதிப் பராமரிப்பு அவ்வளவுதான். குற்றி குருத்தும் விட்டிருந்தது.

மிஞ்சிய பாதியால் ஒரு நேரத்தில் ஒரு வாகனம் போகலாம். எந்த வாகனம் என்பதில்தான் பிரச்சினை. அன்று அந்தப் பக்கமிருந்து ஒரு மினிபஸ்ஸும் இந்தப் பக்கமிருந்து மணல் ஏற்றிய ரிப்பர் லொறியும் ஒரே நேரத்தில் மதகில் ஏறி, மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. பின்னால் ஓட்டோக்கள், லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரங்கள், பள்ளிக்கூட வான்கள் என்று அரைக் கட்டைத் தூரத்துக்கு வரிசை. பின்னுக்கு எடுக்கச் சிலருக்கு இடமில்லை. இடமிருந்தவர்களுக்கு மனமில்லை.

முகூர்த்தம் முடிய இருபது நிமிடம் இருந்தபோது பத்மாசினி வான் கதவைத் திறந்தார்.

"இறங்கு மோனை, நடப்பம்."

தலைப்பாகையும் பட்டு வேட்டியுமாகக் கோகுலன் முன்னே, கூறைத்தட்டத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி பத்மாசினி பின்னே. மினிபஸ் நடத்துநர் மிதிபலகையில் நின்று, "மாப்பிள்ளை வாறார், வழி விடுங்கோ!" என்று கத்தினான். மாப்பிள்ளைக்கு வழி கிடைத்தது. சேறு மட்டும் விலகவில்லை. மதகுக்கு அந்தப் பக்கம் நின்ற ஊர்ப் பொடியன் டினேஸின் ஓட்டோவில் ஏறி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்து நாலு நிமிடம். ஐயர் வாக்கிய பஞ்சாங்கத்தை மூடிவைத்துத் திருக்கணித பஞ்சாங்கத்தைத் திறந்தார். அதன்படி இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. மணமகள் ஆரபியின் கழுத்தில் தாலி ஏறியது. ஆனாலும் பெண்ணின் தாயார் சாப்பாட்டுப் பந்தியில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எங்கடை சம்பந்தி வீட்டார் மணவறையிலை சேத்தோடை ஏறின ஆக்கள்."

அந்த ஒரு வசனத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

பத்மாசினி முப்பத்துநாலு வருடம் தபால் திணைக்களத்தில் இருந்தவர். தெல்லிப்பழையில் தொடங்கி, தீவுப் பக்கமெல்லாம் போய், மானிப்பாய்க்குக் கிட்ட ஓர் உபதபாலகத்தில் பொறுப்பதிகாரியாக இளைப்பாறினார். கடிதத்துக்கு மறுமொழி வராது என்பது அவரால் நம்ப முடியாத சங்கதி. பதிவுத்தபால் ஒன்றைக் கொடுக்கும்போது, வாங்குகிறவர் கையெழுத்துப் போடுமுன் கவரைத் திருப்பி முகவரியை வாசிக்க வேண்டும் என்று நிற்பார். "வாசிக்காமல் வைக்கிற கையெழுத்தும் கைநாட்டும் ஒண்டு" என்று எத்தனையோ பேரை வரிசையில் வைத்து வெட்கப்படுத்தியிருக்கிறார். இளைப்பாறிய பிறகு ஊர்ப் பெண்கள் அவரை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவி ஆக்கினார்கள். றப்பர் முத்திரையைப் பிடிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் அங்கே இருக்கவில்லை.

கலியாணம் முடிந்த கிழமையே அவர் மூன்று அரசாங்கக் கந்தோர்களுக்கு மூன்று பதிவுத்தபால் அனுப்பினார். கேட்டது ஒன்றுதான்: விளாத்தியடி மதகுக்குப் பொறுப்பு யார்?

முதலாவது கந்தோர் பெரிய றோட்டுகளுக்கு உரியது. இந்த வீதி தங்கள் பட்டியலில் இல்லை என்று ஒரு மாதத்தின் பின் சிங்களத்தில் எழுதியது. உத்தியோகத்துக்காகச் சிங்களச் சோதனை பாஸ் பண்ணிய பத்மாசினி அதை வாசித்து, இரண்டு எழுத்துப்பிழையையும் கண்டார். இரண்டாவது கந்தோர், வீதி தங்களுடையதுதான், ஆனால் மதகுக்குக் கீழே ஓடுவது வெள்ளவாய்க்கால், வாய்க்கால் பிரதேச சபையினுடையது என்றது. மூன்றாவதான சபை, வாய்க்கால் தங்களுடையதே, ஆனால் அது நல்ல நிலையில் உள்ளது, அதன்மேல் விழுந்து கிடக்கும் வீதியை அகற்றித் தருமாறு இரண்டாவது கந்தோரை ஏற்கனவே கேட்டிருப்பதாக எழுதியது.

"வடிவான கடிதங்கள்" என்றார் கணவர் செல்வநாயகம். கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்தவர், எதையும் அவசரப்பட்டு நம்பாதவர். "ஒருத்தரும் பொய் சொல்லேல்லை, பாத்தீரோ? மேலாலை போற றோட்டு அவையின்ரை, கீழாலை போற தண்ணி இவையின்ரை. நடுவிலை கிடக்கிற ஓட்டைதான் எங்கடை."

"நீங்கள் சும்மா இருங்கோ. சட்டம் கிடக்கு."

சட்டம் இருக்கத்தான் செய்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம். படிவத்தை எடுத்துவந்து கறுப்பு மையில் நிரப்பினார். கடைசியாக அந்த மதகு எப்போது திருத்தப்பட்டது, யார் திருத்தினார், சரியாகத் திருத்தப்பட்டது என்று உறுதிப்படுத்தியவர் யார்? கடைசிக் கேள்வியின் கீழே கோடும் போட்டார். அந்த ஆளைப் பிடித்தால் போதும் என்று அவருக்குப் பட்டது.

ஆவணியில் தடித்த கவர் ஒன்று வந்தது. வாசலிலேயே நின்று பிரித்தார்.

மதகு மூன்று வருடத்துக்கு முன் முழுமையாகத் திருத்தப்பட்டிருந்தது. காகிதத்தில். பழைய குழாய்கள் அகற்றப்பட்டு ஆறு புதிய கொங்கிறீற் குழாய்கள் போடப்பட்டன. ஒப்பந்தகாரர் இன்னார். திறப்புவிழாப் படம் இணைப்பு ஒன்று. பயனாளிகள் சார்பில் வேலை திருப்தி எனச் சான்றுப்படுத்தியவரின் கையொப்பம் இணைப்பு இரண்டு.

இணைப்பு இரண்டைப் பத்மாசினி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். கையெழுத்து வடிவானது. முதல் எழுத்து வட்டமாகச் சுழன்று, கடைசி எழுத்தின் கீழே இரண்டு புள்ளி. கீழே சங்கத்தின் முத்திரை, ஒரு பக்கமும் சரியாமல் நேராகக் குத்தப்பட்டிருந்தது. அப்படி நேராகக் குத்தக்கூடியவர் அந்த ஊரில் ஒருவர்தான்.

இணைப்பு ஒன்றில் அவர் இடமிருந்து இரண்டாவதாக நின்றார். கழுத்தில் மாலை, கையில் பாதி கடித்த றோல்ஸ், முகம் நிறையச் சிரிப்பு.

இப்போது ஞாபகம் வந்தது. தை மாதம், நல்ல வெயில். நாடா வெட்டி, தேங்காய் உடைத்து, பற்றிஸும் சோடாவும் கொடுத்தார்கள். ஒப்பந்தகாரரின் ஆள் ஒருவர் காரின் பொனற்றில் ஒரு கட்டுக் கடதாசியை வைத்து, "அம்மா, இதிலை ஒரு கையெழுத்து, வந்த ஆக்களின்ரை விபரத்துக்கு" என்றார். மூக்குக்கண்ணாடி வீட்டில். ஒரு கையில் றோல்ஸ். மற்றக் கையால் கையெழுத்தை வைத்து, கைப்பையிலிருந்த சங்க முத்திரையையும் குத்திவிட்டார்.

செல்வநாயகம் கடதாசிகளை ஆறுதலாகப் பார்த்து முடித்தார்.

"வாசிச்சனீரோ?"

"இல்லை."

"அப்ப ஆளைப் பிடிச்சிட்டீர்" என்றார் அவர். பிறகு மனைவியின் முகத்தைக் கண்டு, சிரிக்கத் தொடங்கியதை இருமலாக மாற்றிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனார்.

இரண்டு நாள் பத்மாசினி வெளியே போகவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் இரண்டாவது கந்தோரின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் செபநாயகம் மோட்டார் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர், மரியாதைக்காரர். தேத்தண்ணி குடித்து, செவ்விளநீர் மரத்தைப் புகழ்ந்து, அதன் பிறகுதான் விசயத்துக்கு வந்தார்.

"அக்கா, உந்தத் தகவல் கேட்ட அலுவலை இத்தோடை விட்டிடுங்கோவன். நான் எங்கடை ஆக்களுக்காகச் சொல்லேல்லை. உங்கடை பேரும் கிடக்கு, அதுதான். அடுத்த வருசத் திட்டத்திலை மதவைப் போட்டுத் தாறம்."

"எத்தினையாவது அடுத்த வருசம், தம்பி?"

செபநாயகம் அதற்குச் சிரித்தார்.

"நீங்கள் அண்டைக்கு அந்த வேலையைப் போய்ப் பாத்தனீங்களோ?" என்று பத்மாசினி கேட்டார்.

"எனக்குப் பதினேழு வேலைத்தளம் அக்கா. மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் அஞ்சு இடத்துக்குத்தான். பயனாளி திருப்தி எண்டு கையெழுத்து வைச்சால் நாங்கள் பேந்தென்னத்தைப் பாக்கிறது? உங்கடை கையெழுத்தை நம்பித்தான் எல்லாரும் வைச்சவை."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, உண்மையாகத்தான் சொன்னார். அது பத்மாசினிக்கு இன்னும் கூடுதலாகச் சுட்டது. செபநாயகம் போனபின் பத்மாசினி கதிரையை விட்டு எழும்பவில்லை. பேசாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியவராது. தலைவி வரவர நோய்க்காரியாகிவிட்டார், கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டார் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். அது அவ்வளவு மோசமான முடிவுமில்லை. ஆனால் அப்போதும் தூரத்தில் மதகடியில் ஹோர்ன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டுவரும் பிள்ளைகள் எந்த வானில் எத்தனை நேரம் நிற்கிறார்களோ என்ற நினைப்பு வந்தது. இதுவரை அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அரசாங்கத்தைத் திட்டினார். இனி யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

அந்த மாதக் கடைசியில் பிரதேச செயலகத்தில் அபிவிருத்திக் கூட்டம். மூன்று கந்தோர்களின் ஆட்களும் நீண்ட மேசையைச் சுற்றி இருந்தார்கள். மாதர் சங்கத் தலைவிகள் பின்வரிசையில். விளாத்தியடி மதகு ஒன்பதாவது விடயம். முதலாமவர் இரண்டாமவரைப் பார்த்தார். இரண்டாமவர் சபைக்காரரைப் பார்த்தார். சபைக்காரர் யன்னலைப் பார்த்தார். தலைமை வகித்தவர், வழக்கம்போல "இதுக்கு ஆர் பொறுப்பு எண்டு அடுத்த கூட்டத்திலை..." என்று தொடங்க, பின்வரிசையில் பத்மாசினி எழுந்தார்.

"நான்தான் பொறுப்பு."

தலைமை வகித்தவர் கோவையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அம்மா, விளங்கேல்லை."

"மதவு சரியாக் கட்டினது எண்டு கையெழுத்து வைச்சது நான். வாசிக்காமல் வைச்சனான். கீழை குழாய் போட்டதோ இல்லையோ எண்டு எட்டிப் பாக்கேல்லை. பிழை என்ரை. எனக்கு என்ன செய்யவேணுமோ செய்யுங்கோ."

அந்த மேசையில் கோவைகள் இருந்தன, சுற்றறிக்கைகள் இருந்தன. பொறுப்பில்லை என்று எழுதுவதற்கு ஆறு விதமான வசனம் இருந்தது. ஆனால் பொறுப்பு என்று ஒருவர் எழுந்து நின்றால் என்ன செய்வதென்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. தலைமை வகித்தவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து, "இதை எந்த விடயத்துக்குக் கீழை பதியிறது?" என்று கேட்டார். செபநாயகம் பேனையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைசியில் கூட்டறிக்கையில் எழுதினார்கள்: மதகு தொடர்பாகப் பொறுப்பாளி இனங்காணப்பட்டார்.

மூன்று கந்தோர்களுக்கும் அன்று பெரிய ஆறுதல்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அவ்வளவு விரைவாக அவருக்கு எந்தக் கந்தோரும் எழுதியதில்லை. பொய்யான சான்று வழங்கியது தொடர்பாக உமக்கு எதிராக விசாரணை நடத்தப்படும், பதினான்கு நாளில் விளக்கம் தரவும். பத்மாசினி அதை இரண்டு தரம் வாசித்தார். 'பொய்யான' என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. முப்பத்துநாலு வருடத்தில் ஒரு முத்திரை குறைந்ததென்று கூட அவரிடம் யாரும் விளக்கம் கேட்டதில்லை. குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதார். செல்வநாயகம் உள்ளே வந்து பக்கத்தில் நின்றார்.

"நான் ஒத்துக்கொண்டனான்தானே. பிறகேன் உப்பிடி எழுதினம்?"

"ஒத்துக்கொண்டபடியால்தான் எழுதினம். மற்ற ஒருத்தருக்கும் எழுத ஏலாதே."

அழுது முடித்து முகம் கழுவி வந்து பத்மாசினி மறுமொழி எழுதத் தொடங்கினார். அதில் ஒரு சொல்லிலும் கோபம் இல்லை. தபாலகத்தில் காணாமற்போன பொதியைப் பற்றி எழுதுவதுபோலவே எழுதினார். "எனது குற்றத்தின் அளவு தற்போது நிலத்துக்குக் கீழே உள்ளது. ஆறு குழாய்களும் அங்கே இருப்பின் எனது சான்று உண்மையானது. இல்லாவிடில் பொய்யானது. ஆகவே விசாரணை நீதியாக நடைபெறுவதற்கு, மதகைத் தோண்டி எனது முன்னிலையில் எண்ணிப் பார்க்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்." பிரதிகள்: ஏழு பேருக்கு.

மதகைத் திருத்தித் தருமாறு கேட்டிருந்தால் ஒதுக்கீடு இல்லை என்று எழுதியிருக்கலாம். இது அவர்களே தொடங்கிய விசாரணை. குற்றம் சாட்டியவர் சான்றைப் பார்க்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. பிரதி கிடைத்த ஏழு பேரில் ஒருவர், எப்போது தோண்டுவது என்று மற்றவர்களைக் கேட்கத் தொடங்கிவிட்டார். ஐப்பசி மழைக்கு முந்திய திங்கட்கிழமை மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. வாழைக்குற்றியை முதலில் பிடுங்கி வைத்தார்கள். அதற்குள் அது ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது.

ஊரே மதகடியில் நின்றது. டினேஸ் ஓட்டோவின் பின்இருக்கையில் ஏறிநின்று உள்ளே பார்த்து அறிவித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு பழங்குழாய். அதுகும் உடைஞ்சது... பொறுங்கோ, பொறுங்கோ... ஐயோ அக்கா, தார்ப் பீப்பா!"

இரண்டு தார்ப் பீப்பாக்கள், அடியைத் தட்டி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்திப் போடப்பட்டிருந்தன. மேலே மணல், அதற்கு மேலே தார். கறள் தின்று அரைவாசி இல்லை. விசாரணை அதிகாரி, 'கொங்கிறீற் குழாய்: பூச்சியம்' என்று எழுதி, பத்மாசினியிடம் கையெழுத்து வாங்க நீட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டு, முதற் பக்கத்திலிருந்து வாசித்து, திகதியில் இருந்த பிழையைத் திருத்துவித்து, அதன் பிறகு வைத்தார். வெயிலில் எல்லாரும் காத்து நின்றார்கள்.

"இனி மூடலாம்" என்றார் செபநாயகம். அப்போதுதான் தெரிந்தது, தோண்டுவதற்கு விசாரணைச் செலவில் இடமிருந்தது, மூடுவதற்கு எந்தச் செலவிலும் இடமில்லை. பெக்கோ அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

வீதி முழுதாக அடைபட்டது. விளாத்தியடியால் போன வாகனம் எல்லாம் பெரிய றோட்டுக்குத் திரும்பியது. ரயில் கடவையில் காலையும் மாலையும் ஒரு மணித்தியாலம். மூன்று கந்தோர்களின் பெரியவர்களும் அந்தக் கடவையைத் தாண்டித்தான் வேலைக்கு வரவேண்டும். கந்தோர்க் கதிரையில் இருந்து ஒரு வருடமாகத் தெரியாத மதகு, கார்ச் சீற்றில் இருந்து பார்க்க மூன்று நாளில் தெரிந்துவிட்டது. ஒன்பதாம் நாள் லொறியில் ஆறு கொங்கிறீற் குழாய்கள் வந்து இறங்கின. அவற்றைப் போடுவது வீதியின் வேலையா வாய்க்காலின் வேலையா என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை.

விசாரணை முடிவு கார்த்திகையில் வந்தது. சான்று வழங்கியவர் போதிய கவனம் செலுத்தவில்லை, மூன்று வருடத்துக்கு எந்தச் சங்கத்திலும் பதவி வகிக்க முடியாது. உத்தியோகத்தர்கள் பயனாளியின் சான்றை நம்பிச் செயற்பட்டபடியால் அவர்கள்மேல் தவறில்லை. ஒப்பந்தகாரருக்கு அனுப்பிய கடிதம், 'முகவரியில் ஆள் இல்லை' என்ற குறிப்புடன் திரும்பிவந்தது. அதன் பிரதியும் இணைக்கப்பட்டிருந்தது. பத்மாசினி அந்தக் குறிப்பைக் கூர்ந்து பார்த்தார். தபால் பக்கத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்திருந்தது.

சங்கத்துக்கு நிவேதனா புதுத் தலைவியானார். முன்பள்ளி ஆசிரியை, முப்பத்தைந்து வயது, யாருக்கும் சட்டென்று தலையாட்டாதவர். மதகு வேலை முடிந்த அன்று செபநாயகம் புதுச் சான்றிதழைக் கொண்டுவந்தார். நிவேதனா அதை வாங்கிக் கைப்பைக்குள் வைக்கவில்லை. சங்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டுக்கொண்டு மதகின் நடுவில் போய் நின்று உரத்து வாசித்தார். ஒவ்வொரு விடயத்துக்கும் ஒருவர் கீழே இறங்கிப் போய்ப் பார்த்து, "ஓம், கிடக்கு" என்று சொல்லவேண்டும். குழாய் ஆறு. கிடக்கு. குழாயின் வாய் முப்பது அங்குலம். ஒருவர் சாண் போட்டு அளந்தார். கம்பியின் தடிப்புக்கு வந்தபோது அது என்னவென்று விளங்கவில்லை, செபநாயகத்தை இறக்கிக் காட்டச் சொன்னார்கள். அவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

இரண்டு பக்கமும் வாகனங்கள் சேர்ந்துகொண்டிருந்தன. மினிபஸ்காரர் ஹோர்னை அழுத்திப் பிடித்தார். ஒரு வானிலிருந்து, "அக்காமாரே, மதவு நல்லாத்தானே கிடக்கு, விடுங்கோவன்!" என்று குரல் வந்தது.

பத்மாசினி கரையில் குடையோடு நின்றார். அவருக்கு இப்போது ஒரு சொல்லுச் சொல்லவும் உரிமையில்லை. நாலாவது பக்கத்தை நிவேதனா கொஞ்சம் அவசரமாகத் திருப்பியது அவர் கண்ணில் பட்டது. வாய் துருதுருத்தது. குடைக்காம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நிவேதனா தானே நிறுத்தி, பக்கத்தைத் திரும்பப் புரட்டி, முதல் வரியிலிருந்து மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். வரிசை அப்போது பனங்கூடல் வரைக்கும் போயிருந்தது.